ஓட்டைக் கேமராவில் ஒளிவட்டம்

திண்டுக்கல் அமலோற்பவம் வீட்டிலேயே பழைய ஃபிலிம் கேமராக்களைப் பிரித்து, கெடுத்துக் கெடுத்தே மாற்றியமைக்கக் கற்றவள். படம் கழுவ இருட்டறைதான் இல்லை. ஊர்ப் புகைப்படச் சங்கத்தின் இருட்டறையைப் பயன்படுத்தக் கேட்டாள்.

சங்கத் தலைவர் வைத்தியலிங்கம் அவள் கையிலிருந்த கேமராவைப் பார்த்து இளக்காரமாகச் சிரித்தார். "இந்த டப்பாவில என்னைப் படம் எடு. வெளிச்சம் ஒழுகாம வந்தா இருட்டறைச் சாவி தர்றேன்."

எடுத்த படத்தைச் சங்கத்திலேயே கழுவிப் பார்த்தால், அவர் தலைக்குப் பின்னால் வெளிச்சம் வட்டமாக ஒழுகியிருந்தது. உறுப்பினர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஒழுகியிருக்கே?" என்றார் தலைவர்.

"நான் ஐயாவோட தேஜஸ்னு நினைச்சேன். ஒழுகல்னு நீங்க சொன்னா ஒழுகல்தாங்க."

தலைவர் கூட்டத்தைப் பார்த்தார். "தேஜஸ்தான்" என்றார்.

எல்லாரும் போனபின், "ஓட்டை எங்கம்மா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பின்மூடியோரம்தாங்க."

வாய்விட்டுச் சிரித்தவர், சாவியோடு, ஓட்டையை அடைக்கக் கறுப்பு வெல்வெட் துண்டும் கொடுத்தார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்ட அமலோற்பவம், "நன்றிங்கய்யா" என்றாள்.