சூரைப் புதருக்கு வெளியே ஒரு குரல்

மலையடிவாரக் காட்டில் ஒரு பாறைச் சரிவு. அதன் விளிம்பில் நின்ற உசிலை மரத்தின்மேல் சூரை முள் அடர்ந்து படர்ந்திருந்தது. அந்த முள்ளுக்குள் சாம்பலி, வெள்ளச்சி என்ற இரண்டு தேவாங்குகள் வாழ்ந்தன. அக்கா, தங்கை.

பகலெல்லாம் பந்துபோலச் சுருண்டு தூங்குவார்கள். இருட்டியதும் பெரிய கண்களை விழித்து, கிளை கிளையாக மெல்ல நடந்து பூச்சி பிடிப்பார்கள். சாம்பலியின் வயிற்றைப் பற்றிக்கொண்டு ஒரு பச்சைக்குட்டியும் இருந்தது.

ஒரு மரநாய்க்கு அவர்கள்மேல் கண். ஆனால் மெல்லிய முட்கிளை அதன் எடையைத் தாங்காது. அதனால் அமாவாசையன்று பக்கத்துக் கிளையில் மறைந்துகொண்டு ஊளையிட்டது.

"நான் பேய்! இது என் வீடு! விடிவதற்குள் வெளியேறாவிட்டால் ஒருவரையும் விடமாட்டேன்!"

வெள்ளச்சி அக்காவின் கையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, ஓடிவிடலாம் வா!"

"அசையாதே! நமக்கு ஓடத் தெரியாது, வெள்ளச்சி. அசையாமல் இருக்கத்தான் தெரியும்!"

தங்கை கேட்கவில்லை. முள்ளைத் தாண்டி மொட்டைக் கிளையில் கால் வைத்தாள்.

ஒரு கீச்சொலி. பிறகு ஒன்றுமில்லை. சில்வண்டுகூட வாய்மூடிக்கொண்டது.

சாம்பலி குட்டியை அணைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

மறுநாள் இரவு இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"அக்கா... நான்தான்."

வெள்ளச்சியின் குரலேதான்! "குட்டியைப் பார்க்கணும்போல இருக்கு அக்கா. வெளியே வா."

சாம்பலியின் கை, அவளை அறியாமலே அடுத்த கிளையைப் பற்றியது. சட்டென்று நின்றாள். மோந்து பார்த்தாள். தேவாங்குகள் தங்கள் சிறுநீரால் கைகளை நனைத்துக்கொண்டு நடக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு வாசனை. காற்றில் தங்கையின் வாசனை இல்லை. வேறு மிருகத்தின் வாடை அடித்தது.

சாம்பலி அசையவில்லை. இமைக்காமல் இருட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து இரண்டு மஞ்சள் கண்கள் தெரிந்தன. பிறகு ஒரு நீண்ட வால் ஆடியது.

'ஓ, மரநாயா! நேற்றுப் பேயாக ஊளையிட்டதும் நீதானா!' என்று நினைத்துக்கொண்டாள்.

"வெள்ளச்சி, நீ செத்துப்போனாயே! உன் கீச்சொலியைக் கேட்டேனே!"

"ஆமாம் அக்கா. இப்போது நானும் பேய்தான்."

"அப்படியானால் உனக்கு எடையே இருக்காதே! இந்த நுனிக்கிளை வழியாக வா. குட்டியை உன் கையிலேயே தருகிறேன்!"

மரநாய்க்கு நாக்கில் எச்சில் ஊறியது. வர முடியாது என்று சொன்னால் பொய் வெளிப்பட்டுவிடும். ஆசையும் விடவில்லை. ஒரு காலை வைத்தது. இன்னொரு காலையும் வைத்தது.

மளார்!

கிளை முறிந்தது. முள் உடம்பெல்லாம் கிழிக்க, மரநாய் அலறிக்கொண்டு பாறையில் போய் விழுந்தது. அதற்குப் பிறகு அது எழுந்திருக்கவே இல்லை.

வெள்ளச்சி திரும்பி வரவில்லை. சாம்பலி அழுது முடித்து, அன்றிரவே பூச்சி தேடக் கிளம்பினாள். குட்டிக்குப் பால் ஊற வேண்டுமே!

பயந்து ஓடுகிறவர் பயத்தின் வாயிலேயே விழுவார். நின்று உற்றுப் பார்ப்பவருக்கோ அதன் உண்மை உருவம் தெரிந்துவிடும்.