சிவப்பு இறகைக் கடிக்காத உல்லம் மீன்கள்

ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்துக்கு வெளியே உல்லம் மீன்கள் கூட்டமாக நின்றுகொண்டிருந்தன. மேற்கே நல்ல மழை. ஆற்றில் புதுத் தண்ணீர் வந்திருந்தது. அந்த வாசனை உப்புத் தண்ணீரில் கலந்து வந்ததும் மீன்களுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெண் மீன்களின் வயிறு முழுக்க முட்டை. உல்லத்தின் முட்டை கடலில் பிழைக்காது. ஆற்றுக்குள் ஏறிப் போய்த்தான் இட வேண்டும்.

உள்ளே போக ஒரே வழிதான். இரண்டு பக்கமும் மணல் திட்டு, நடுவில் குறுகலான ஓடை. கடல் ஏறியிருக்கும்போது அதில் நீந்தலாம். வற்றிவிட்டால் வெறும் மணல்தான் மிஞ்சும்.

அந்த ஓடையின் ஓரத்தில் ஒரு மனிதன் இடுப்பளவு நீரில் நின்றான். அவன் கையில் நீளமான மெல்லிய தூண்டில் கோல். முள்ளில் புழு இல்லை, இறாலும் இல்லை. ஒரு சிவப்பு இறகைக் கட்டி, மேலே வெள்ளி இழை சுற்றியிருந்தான். நூலைத் தலைக்குப் பின்னால் ஒரு வீச்சு, முன்னால் ஒரு வீச்சு வீசி, இறகைத் தண்ணீரில் விழவைப்பான். முதலில் போன உல்லங்களில் சில அதைக் கடித்து மாட்டிக்கொண்டன. மற்றவை பதறி வெளியே ஓடி வந்துவிட்டன.

"அவங்க ஏன் அதைக் கடிச்சாங்க?" என்று பூஞ்செதிலி கேட்டது. அது எதற்கெடுத்தாலும் கவலைப்படும் பெண் மீன்.

"ஏன் கடிப்பாங்க? பசிதான்" என்றது நீள்வாலன். கூட்டத்தின் முன்னால் நீந்துவது அதுதான்.

"பசியா? ஆத்து வாசனை வந்ததிலிருந்து நாம யாருமே சாப்பிடலையே. நமக்குப் பல்லும் கிடையாது. வாயைத் திறந்துகிட்டு ஓட்டத்தை எதிர்த்து நிப்போம், வர்ற தூசி தும்பு செவுளில் தங்கும், அதைத் தின்போம். நம்ம கூட்டத்தில் யார் எதைக் கடிச்சிருக்காங்க?"

"ஆரம்பிச்சிட்டியா? நேத்து மேகம் கறுத்ததுக்குக் கவலைப்பட்டே. முந்தாநாள் மேகம் கறுக்கலைன்னு கவலைப்பட்டே."

கூட்டம் சிரித்தது. பூஞ்செதிலிக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் அதன் மனம் ஆறவில்லை.

ஓடையின் நடுவே ஒரு மூங்கில் கம்பு நட்டிருந்தது. அதன் மேல் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. சின்ன உல்லம் மாட்டினால் அந்த மனிதன் கழற்றி மணலில் எறிந்துவிடுவான். அதெல்லாம் நீர்க்காகத்துக்குத்தான். மீன்கள் கடிக்கக் கடிக்க அதற்கு விருந்து.

"என்ன நீள்வாலண்ணே" என்று அது கூப்பிட்டது. "ஒரு துண்டு இறகு உங்க ஆளுங்க மூக்கை உரசிட்டு உரசிட்டுப் போகுது. நீங்க ஓடி ஒளியிறீங்க. ஒரு மடவை மீன் குஞ்சுகூட இதைப் பொறுத்துக்காதே."

நீள்வாலனின் செவுள் படபடவென்று அடித்தது. "யாரு ஒளியிறது? அடுத்த தடவை அது வரட்டும். பிச்சுப் போடறேன்."

"அப்படிச் சொல்லுங்க. ஆம்பளைப் பேச்சு" என்றது நீர்க்காகம்.

பூஞ்செதிலி அங்கே நிற்கவில்லை. நேராக மணல் திட்டின் அடிக்குப் போனது. மனிதன் மீனை அங்கே வைத்துத்தான் அறுப்பான். ஒரு கிழட்டு நண்டு குடலை இழுத்துக்கொண்டிருந்தது.

"நண்டண்ணே, எங்க ஆளுங்க வயித்தில் என்ன இருந்துச்சு?"

"அதை ஏன் கேக்கிறே?" என்று நண்டு சலித்துக்கொண்டது. "கெளுத்தியை அறுத்தா உள்ளே நாலு இறால் இருக்கும், எனக்கு அது ரெண்டாம் பந்தி. உங்க ஆளுங்க வயித்தில் ஒண்ணுமே இல்லை. ஒட்டிக் கிடக்கு. விருந்துன்னு வந்தா வெறும் இலையைப் போட்டுட்டீங்க."

பூஞ்செதிலி யோசித்தது. பசியில் கடித்திருந்தால் ஓட்டத்தில் வரும் தூசி தும்பாவது வயிற்றில் இருந்திருக்குமே. பசி இல்லை என்றால் வேறு என்ன?

அது பயந்துகொண்டே ஓடைக்குள் நுழைந்தது. சிவப்பு இறகு மேலே விழுந்தது. தூசியெல்லாம் ஓட்டத்தோடு போயிற்று. இறகு மட்டும் குறுக்கே வந்தது. பூஞ்செதிலியின் மூக்குக்கு முன்னால் ஒரு வெட்டு வெட்டியது. பிறகு ஓட்டத்தை எதிர்த்து ஏறியது. திரும்பவும் வந்தது. திரும்பவும் உரசியது. பூஞ்செதிலிக்கு வாய் ஊறவில்லை. தாடைதான் துடித்தது. இந்தச் சனியனை ஒரே கடியில் நசுக்கவேண்டும் என்று ஆத்திரம் வந்தது.

'இதுதானா சங்கதி' என்று அது நினைத்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டது. இறகு இன்னும் இரண்டு முறை உரசிப் பார்த்துவிட்டு மேலே போய்விட்டது. அவ்வளவுதான். பூஞ்செதிலியின் செதிலில் ஒரு கீறல்கூட இல்லை.

அது கூட்டத்துக்குத் திரும்பி வருவதற்குள் கடல் வற்றத் தொடங்கிவிட்டது. ஓடை ஒடுங்கிக்கொண்டே வந்தது.

"கேளுங்க" என்றது பூஞ்செதிலி. "யாரும் பசியில கடிக்கலை. கோபத்தில கடிச்சாங்க. அந்த இறகு நம்மைச் சீண்டத்தான் வருது. வாயைத் திறக்கலைன்னா அதால ஒண்ணும் பண்ண முடியாது. நான் பார்த்துட்டு வந்தேன்."

"மூக்கில் உரசினா பேசாம வரணுமா?" என்றது நீள்வாலன்.

"ஆமாண்ணே. நீ கடிச்சா உன்னோட போகாது. உன் பின்னால வர்ற எல்லாரும் சிதறிடுவாங்க. வழி அடைச்சிடும். இத்தனை பேர் வயித்தில் இருக்கிறதும் கடலுக்குத்தான் போகும்."

நீள்வாலன் பின்னால் பார்த்தது. கனத்த வயிறுகளோடு பெண் மீன்கள் அதையே பார்த்துக்கொண்டிருந்தன. யாரும் சிரிக்கவில்லை.

"சரி, பக்கத்திலேயே வா" என்றது அது.

கூட்டம் ஓடைக்குள் பாய்ந்தது. இறகு விழுந்தது. நீள்வாலனின் மூக்கை உரசியது.

"ஐயோ பாவம், பயந்தாங்கொள்ளி" என்று நீர்க்காகம் கத்தியது.

நீள்வாலனின் தாடை நடுங்கியது. பூஞ்செதிலி தன் விலாவை அதன் விலாவோடு ஒட்டிக்கொண்டது. "இன்னும் கொஞ்சம்தான். கம்பைத் தாண்டிட்டா போதும்."

இறகு மறுபடியும் வந்தது. நீள்வாலன் வாயைத் திறக்கவே இல்லை. பின்னால் வந்தவையும் திறக்கவில்லை. மனிதன் சிவப்பைக் கழற்றிவிட்டு மஞ்சள் இறகைக் கட்டினான். அதற்குப் பிறகு பச்சையைக் கட்டினான். வெள்ளி வெள்ளியாக மீன்கள் அவன் முழங்காலை இடித்துக்கொண்டு போய்க்கொண்டே இருந்தன. ஒன்றுகூடக் கடிக்கவில்லை.

நீர்க்காகத்துக்கு வயிறு எரிந்தது. "கோழைப் பசங்களா" என்று கத்திக்கொண்டு கம்பை விட்டு எழுந்து, மனிதனின் தலைக்குப் பின்னால் தாழப் பறந்தது. அவன் அப்போதுதான் நூலைப் பின்னால் வீசினான். பச்சை இறகு நீர்க்காகத்தின் அலகை உரசிக்கொண்டு போனது. முன்னால் போய்விட்டு மறுபடியும் வந்து உரசியது.

"என்கிட்டேயேவா?" என்று நீர்க்காகம் லபக்கென்று கவ்வியது.

முள் அலகின் ஓரத்தில் ஏறிவிட்டது. மனிதன் திரும்பிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "உனக்காகவா மெனக்கெட்டுக் கட்டினேன்?" என்று திட்டிக்கொண்டே முள்ளைப் பிடுங்கி அதை விட்டான். நீர்க்காகம் அலகில் ரத்தத்தோடு கத்தக்கூட முடியாமல் பறந்து போனது. மனிதனும் கோலை மடக்கிக்கொண்டு கரையேறினான்.

கடைசி உல்லம் உள்ளே நுழைந்ததும் ஓடை மணலாகிவிட்டது. ஆற்றின் புதுத் தண்ணீர் மீன்களைச் சூழ்ந்துகொண்டது. நீள்வாலன் ஒதுங்கி வழிவிட்டது.

"முன்னால நீ போ, பூஞ்செதிலி."

"மேலே தண்ணி போதுமா இருக்குமா அண்ணே?" என்று பூஞ்செதிலி கவலையோடு கேட்டுக்கொண்டே முன்னால் போனது. இந்த முறை கூட்டம் முழுவதும் அந்தக் கேள்வியைக் காது கொடுத்துக் கேட்டது. அந்த வாரமே ஆற்று மணலெங்கும் உல்லத்தின் முட்டைகள் முத்து முத்தாகப் பரவின.

வேண்டுமென்றே சீண்டுகிறவனிடம் ஆத்திரப்படாமல் தன் வழியே போகிறவரைத்தான் எந்தத் தூண்டிலாலும் பிடிக்க முடியாது.