எலி தராத கால் பங்கு

ரெஜினா மேடத்தின் ஆய்வுக்கூடத்தில் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். பதில்தான் கிடைக்காது. கேட்ட பாவத்துக்கு ஏதாவது ஒரு வேலை கிடைக்கும்.

தாம்பரம் தாண்டி இருந்த அந்த நிறுவனத்தில், அவரிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தார் பூங்குன்றன். கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவர். குருவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். இந்த வயதில் படிப்பா என்று ஊரில் யாரும் சிரிக்கவில்லை. பெற்ற மகள்தான் சிரித்தாள்.

ஆராய்ச்சி, குழந்தைகளுக்கான புது வயிற்றுப்பூச்சி மருந்தைப் பற்றியது. முதலில் எலிக்குக் கொடுக்க வேண்டும். வயிற்றுக்குள் போனதில் எவ்வளவு ரத்தத்தில் சேர்ந்தது, எந்தெந்த உறுப்புக்குப் போனது, எப்படி வெளியே வந்தது என்று பார்க்க வேண்டும். மருந்திலிருந்த ஒரு கரி (கார்பன்) அணுவில் கதிரியக்க அடையாளம் வைத்திருந்தார்கள். மருந்து உடைந்து எந்த உருவத்துக்கு மாறினாலும் கருவி காட்டிக் கொடுத்துவிடும்.

கொடுத்தது அத்தனைக்கும் போன வழி சொல்லியாக வேண்டும். கூடத்தில் இருந்த ஒரே சட்டம் அதுதான்.

பூங்குன்றனால் சொல்ல முடியவில்லை. இரண்டு முறை செய்து பார்த்தார். இரண்டு முறையும் கால் பங்கைக் காணோம்.

ஆய்வுக்குழுத் தலைவர் டாக்டர் ஜமால் பல்லைக் கடிக்காமல் சொன்னார். கடித்திருந்தாலே தேவலை.

"மருந்தை எலி வாயில் ஊத்துறப்போ வெளியே சிந்தியிருப்பீங்க. வயசாச்சில்ல, கை நடுங்கும். இன்னும் ஒரே ஒரு தடவை எலி தர்றேன். அதுலயும் கணக்கு உதைச்சா உங்க பதிவை ரத்து பண்ணிடுவோம்."

பூங்குன்றன் நேராக ரெஜினாவின் அறைக்கு வந்தார். ரெஜினா எதையோ திருத்திக்கொண்டிருந்தார்.

"மேடம், அந்தக் கால் பங்கு எங்கே போச்சு?"

"நீங்க சொல்லுங்க, குன்றன் சார்."

"குடல் உறிஞ்சுது. ரத்தம் எடுத்துட்டுப் போச்சு. ஈரல் உடைச்சுது. சிறுநீரகம் வடிகட்டி..."

"எனக்குப் பாடம் நடத்தாதீங்க. எதை எதை அளந்தீங்க?"

"சிறுநீர், புழுக்கை, ரத்தம், ஈரல், சிறுநீரகம், கொழுப்பு, தோல். கூண்டைக் கழுவின தண்ணியைக்கூட விடலை."

"அப்புறம்?"

"அப்புறம் எலிகிட்ட ஒண்ணுமே மிச்சமில்லை மேடம்."

ரெஜினா தாளைத் திருப்பினார். பூங்குன்றன் குரலைத் தாழ்த்தினார்.

"கொழுப்புல தங்கிடுச்சுன்னு எழுதிட்டா?"

"தங்கியிருந்துதா?"

"கொஞ்சம் இருந்துது. அதையே கொஞ்சம் கூட்டி..."

"கூட்டி?"

"யார் மேடம் மறுபடி எலியை அறுத்துப் பார்க்கப் போறாங்க?"

ரெஜினா பேனாவை மூடி வைத்தார். கோபப்படுவார் என்று பூங்குன்றன் காத்திருந்தார். அவர் கோபப்படவில்லை.

"மூச்சைப் பிடிங்க."

"என்னது?"

"மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. நான் சொல்றப்ப விடலாம்."

குரு சொன்னால் செய்ய வேண்டியதுதான். பூங்குன்றன் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றார். ரெஜினா மறுபடி பேனாவைத் திறந்து திருத்த உட்கார்ந்துவிட்டார். ஒரு பக்கம் முடிந்தது. அடுத்த பக்கம் தொடங்கியது. பூங்குன்றனின் முகம் பீட்ரூட்டாக மாறியது. கண் பிதுங்கியது. எதிர்மேஜையில் இருந்த பெண் பயந்துபோய் எழுந்தாள்.

"மேடம், சார் விழுந்துடப் போறாரு!"

பூங்குன்றன் 'புஸ்ஸ்' என்று விட்டுவிட்டார். மேஜைமேல் இருந்த தாள்கள் பறந்தன.

"நான் இன்னும் சொல்லலையே" என்றார் ரெஜினா.

"முடியலை மேடம்! உயிர் போயிடும்!"

"இப்ப வெளியே வந்ததே, அதை எந்தப் பாட்டில்ல பிடிச்சு வச்சீங்க?"

பூங்குன்றன் அப்படியே திரும்பினார். எலிக்கூடத்துக்கு ஓடினார். நாற்பத்தெட்டு வயது மனிதர் அந்த வராந்தாவில் ஓடியதை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை.

எலிக்கூடத்தில் கம்பிக் கூண்டுகள் வரிசையாக இருந்தன. கீழே சிறுநீருக்கு ஒரு புனல், புழுக்கைக்கு ஒரு சல்லடை. எல்லாம் பளிச்சென்று துடைத்து வைத்தவை. அவர் சுத்தக்காரர். எலிமூத்திர நாற்றம் அவருக்கு ஆகாது. அதனால் கூண்டுகளுக்கு எதிரே தன் வீட்டு மேஜை ஃபேனைக் கொண்டுவந்து வைத்து, எதிர்ப்பக்க ஜன்னலையும் திறந்துவிட்டிருந்தார். ஃபேன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எலிகள் விட்ட மூச்சையெல்லாம் வாரி வெளியே, வேப்பமரத்துக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது.

பின்னால் வந்து நின்ற ரெஜினாவும் ஃபேனைப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதது என் தப்பு" என்றார். "ஸ்விட்சை அணைங்க."

கம்பிக் கூண்டுகள் போயின. காற்றுப் புகாத கண்ணாடிக் கூடுகள் வந்தன. ஒரு பக்கம் சுத்தமான காற்று நுழையும். மறுபக்கம் எலி விட்ட மூச்சு ஒரு குழாய் வழியாகக் காரக் கரைசல் இருந்த பாட்டில்களுக்குள் குமிழியிட்டுப் போகும். மூச்சிலிருக்கும் கரியமில வாயு அந்தக் கரைசலில் மாட்டிக்கொள்ளும். பூங்குன்றன் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு குழாய் இணைப்பையும் தானே இறுக்கினார். ஃபேன் வீட்டுக்குத் திரும்பியது.

மருந்து கொடுக்கும் அன்று ஜமாலே வந்து பக்கத்தில் நின்றார். கை நடுங்குகிறதா என்று பார்க்கத்தான். நடுங்கியது. ஆனால் ஒரு சொட்டு சிந்தவில்லை.

மறுநாள் காலை முதல் பாட்டில் கருவிக்குள் போனது. எண் எகிறியது. இரண்டாவது பாட்டில். அதைவிட எகிறியது. மூன்றாவதில் கொஞ்சம் இறங்கியது. எலியின் ஈரல் அந்த மருந்தை உடைத்திருக்கிறது; அடையாளம் வைத்த கரி அணு கரியமில வாயுவாகி நுரையீரலுக்குப் போயிருக்கிறது. அங்கிருந்து ஹாயாக மூக்கு வழியே வெளியே.

பூங்குன்றன் கூட்டிப் பார்த்தார். மறுபடி கூட்டினார். பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கொடுத்துக் கூட்டச் சொன்னார். பிறகு போட்ட சத்தத்தில் எலிகளே மூலைக்கு ஓடின.

"மேடம்! கால் பங்கு! மூச்சுல! அத்தனையும் மூச்சுல!"

கூடம் முழுக்கக் கைதட்டியது. பக்கத்துத் துறையிலிருந்தும் வந்து தட்டினார்கள். யாரோ ஓடிப்போய் மைசூர்பாகு வாங்கி வந்தார்கள். எலிக்கூடத்துக்குள் சாப்பிடக் கூடாது என்று ரெஜினா அத்தனை பேரையும் வெளியே விரட்டி, வராந்தாவில் நின்று தானும் இரண்டு எடுத்துக்கொண்டார்.

குழுக் கூட்டத்தில் ஜமால் திரையில் வந்த ஒவ்வொரு படத்தையும் நிறுத்தி நிறுத்திக் கேட்டார். கேட்டதற்கெல்லாம் பூங்குன்றனிடம் பதில் இருந்தது. கடைசியில் ஜமால் எழுந்து வந்து கையைக் குலுக்கினார்.

"நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன் சார். பதிவு தொடரும். அருமையான வேலை."

பூங்குன்றனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஜமால் விடவில்லை.

"ஒரே ஒரு சந்தேகம். இப்பவும் துளி குறையுதே. நூத்துக்கு நூறு வரலையே. அது எங்கே?"

பூங்குன்றன் ரெஜினாவைப் பார்த்தார். ரெஜினா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலை சார்" என்றார் பூங்குன்றன். குரல் நடுங்கவில்லை.

ஜமால் குருவிடம் திரும்பினார்.

"என்னம்மா, உங்க மாணவர் தெரியலைங்கிறாரே?"

ரெஜினா சொன்னார்:

"நூத்துக்கு நூறு வந்திருந்தா, எலியை அளக்காம மருந்து பாட்டிலையே அளந்து கணக்கு எழுதியிருக்காருன்னு சொல்லி நானே இவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பேன் சார்."