பிரிக்காத பொட்டலம்

பொன்னுரங்கம் வாத்தியார் தன் குருவைவிட இருபது வயதாவது மூத்தவர். ஊரில் அதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். காலமெல்லாம் பௌதிகம் நடத்தி ஓய்வுபெற்ற மனுஷனுக்கு அந்தச் சின்ன வயசுச் சாமியாரிடம் என்ன வேலை என்பார்கள். வாத்தியாருக்கும் அதற்குப் பதில் தெரியாது. மனசு குழம்பினால் கால்கள் தாமாகவே மலையடிவாரத்து மடத்துக்குப் போய்விடும்.

அன்று அவர் போனபோது சாமியார் குழந்தைசாமி கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். வாத்தியார் எதிரே உட்கார்ந்தார். சட்டைப் பையைக் கையால் பொத்தியபடியே இருந்தார்.

"சாமி, ஒரு சந்தேகமுங்க. அறிவு ஏற ஏற சாமி நம்பிக்கை இறங்கிருமுன்னு எங்கயோ படிச்சேன். அது நெசமுங்களா?"

"உங்களுக்கு இறங்கிருச்சா?"

"எனக்கு எப்பவோ இறங்கிருச்சுங்க."

"அப்புறம் இங்க எதுக்கு வர்றீங்க?"

"அது தெரியலீங்க."

குழந்தைசாமி ஒரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார். "சரி, இப்ப யாருக்காகக் கேக்கறீங்க?"

"மரகதத்துக்காகத்தானுங்க."

மரகதம் அவர் மனைவி. கணக்கு டீச்சராக இருந்தவர். வாத்தியாருக்கு அவர் மேல் பிரியம் அதிகம், கூடவே கொஞ்சம் பயமும் உண்டு.

"என்னைவிட அவளுக்கு மூளை ஜாஸ்திங்க. பரீட்சை ஹால்ல பிட் அடிக்கற பையனை, அவன் முதுகைப் பார்த்தே கண்டுபிடிச்சுருவா. அப்பேர்ப்பட்டவ, இதய ஆபரேஷன் பண்ணிக்கலாமா வேண்டாமான்னு அம்மன்கிட்டப் பூக் கேக்கணுங்கறா. டாக்டருங்க இந்த மாசத்தைத் தாண்டக் கூடாதுங்கறாங்க. இவ பூ, பூங்கறா. எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்போல இருந்துச்சுங்க."

"கேட்டீங்களா?"

"நேத்துக் கேட்டோமுங்க."

பூக் கேட்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. வாழையிலையில் சுருட்டி நாரால் கட்டி அம்மன் காலடியில் வைப்பார்கள். கேட்பவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள். சிவப்பு வந்தால் கொடுக்கவில்லை. பிறகு மற்றதையும் பிரித்துச் சரிபார்ப்பார்கள்.

"என்ன வந்துச்சு?"

"வெள்ளை."

"நல்லதாப் போச்சு."

"ரெண்டுலயும் வெள்ளைதானுங்க சாமி." வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். "நாந்தான் கட்டினேன். அம்மன் சிவப்பைக் குடுத்துட்டா என்ன பண்றதுன்னு பயந்துட்டேனுங்க."

குழந்தைசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இல்லாத அம்மனா குடுக்கும்?"

"நீங்களும் சிரிக்காதீங்க சாமி." வாத்தியார் நிமிர்ந்தார். "நேத்து ராத்திரி பூரா தூங்கலீங்க. நாளைக்கு அவளைக் கோயமுத்தூர்ல சேர்க்கணும். அம்மனே சொல்லிட்டாள்னு துணிமணியெல்லாம் எடுத்து வெச்சுட்டுத் தைரியமா இருக்கா. சொன்னது அம்மன் இல்லீங்க, என் தில்லுமுல்லு. உண்மையைச் சொன்னா ஆபரேஷன் வேண்டாம்னுருவா. சொல்லாம விட்டு, அங்க ஏதாச்சும் ஒண்ணு ஆயிட்டா..."

வாத்தியார் சட்டைப் பையை இன்னும் அழுத்திப் பொத்திக்கொண்டார்.

"அம்மனை ஏமாத்தினதாலதான் அப்படி ஆச்சுன்னு எனக்குத் தோணுமுங்க. எனக்கு! நம்பாதவனுக்கு எதுக்குங்க பயம்? நம்பறவன்னா எப்படி ஏமாத்தினேன்? எனக்கு இருக்கறது அறிவா, பக்தியா, இல்ல வெறும் கிறுக்கா? ஒண்ணும் புரியலீங்க."

"அந்த இன்னொரு பொட்டலம் எங்க?"

வாத்தியார் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். இலை வாடிச் சுருங்கியிருந்தது. நார் அவிழவில்லை.

"தூக்கிப் போடலையா?"

"மனசு வரலீங்க."

"உள்ள என்ன இருக்கு?"

"நந்தியாவட்டை. வெள்ளை."

"நல்லாத் தெரியுமா?"

"நானே வெச்சுக் கட்டினதுங்க."

"அப்பப் பிரிங்க."

வாத்தியார் முடிச்சில் நகத்தை வைத்தார். விரல் அங்கேயே நின்றுவிட்டது. பூவைப் பறித்ததும் அவர், சுருட்டிக் கட்டியதும் அவர். இருந்தும், உள்ளே சிவப்பு இருந்துவிட்டால் என்ற நினைப்பு வந்துவிட்டது. முப்பது வருஷமாகப் பிள்ளைகளுக்கு அவர் நடத்திய எந்தப் பாடத்திலும் இதற்கு இடமில்லை. அது அவருக்கே நன்றாகத் தெரிந்தது. முடிச்சை மட்டும் அவிழ்க்க முடியவில்லை.

குழந்தைசாமி அவசரப்படுத்தவில்லை. அவர் பாட்டுக்குக் கடலையை உரித்தார்.

"முடியலீங்க சாமி."

"சரி, வெச்சுக்கங்க."

பொட்டலம் மறுபடியும் பைக்குள் போனது.

"பூசாரிதானே கட்டுவாரு? உங்களை யாரு கட்டச் சொன்னது?"

"மரகதந்தானுங்க. பூசாரி இலையை எடுத்தாரு. 'இருங்க, இவரே கட்டட்டும்'னுட்டா. நம்பிக்கை இல்லாதவன் கட்டினா ஓரவஞ்சனை இருக்காதுன்னு நெனச்சிருப்பா."

"எடுத்தப்புறம், இன்னொண்ணையும் பிரிங்கன்னு கேக்கலையா?"

"இல்லீங்க. பையன் வெளிநாடு போறப்பப் பூக் கேட்டோம். அப்ப அவளே கையில வாங்கிப் பிரிச்சு, ரெண்டு தடவை பார்த்துட்டுத்தான் விட்டா. நேத்து வெள்ளைன்னதும் நான் சட்டுனு இன்னொண்ணை எடுத்துப் பையில போட்டுட்டேன். அவ பார்த்துக்கிட்டுத்தான் இருந்தா. ஒண்ணும் சொல்லல. கண்ணுல தண்ணியோட ரொம்ப நேரம் அம்மனைக் கும்பிட்டா. அப்புறம் என் கையைப் பிடிச்சுக்கிட்டுப் படி இறங்கினா."

தான் சொன்னதை இப்போதுதான் தானே கேட்பவர்போல இருந்தது அவர் முகம்.

"சாமி... அப்படின்னா அவ..."

குழந்தைசாமி தொலியை முறத்தில் அள்ளிக்கொண்டு எழுந்தார்.

"முதுகைப் பார்த்தே பிடிக்கறவங்க வாத்தியாரே. நேத்து உங்க மூஞ்சியை நல்லாப் பார்த்துட்டுத்தான் அம்மனைக் கும்பிட்டிருக்காங்க."