சவரிநாதன் வாங்கிய பீர் மிஷின்

“வெறும் நுரைதான் வருது,” என்றார் சவரிநாதன்.

தையல்நாயகி பீப்பாய்மேல் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

புதுச்சேரியில் பாதி பார்களின் பீர் குழாய்களுக்கு அவள்தான் வைத்தியர். வயது முப்பத்துநாலு. ஒரு சொட்டு குடித்தவளில்லை. சவரிநாதன் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வாழ்நாளெல்லாம் கேள்வி கேட்டே பழகியவர், இப்போது நோட்டும் பேனாவுமாக அவள் எதிரில் நின்றார்.

“பீப்பாய் எப்ப வந்துது?”

“இப்பதான். ஆட்டோவுல.”

“கேஸை யாரு இவ்ளோ கூட்டினது?”

“நான்தான். நுரையை வெளியே தள்ளிடும்னு நினைச்சேன்.”

பீரைக் குழாய்க்குத் தள்ளும் கேஸை அவள் சிலிண்டரில் குறைத்தாள். குழாயை மூடினாள்.

“குலுங்கி வந்திருக்கு. சூடாவும் இருக்கு. நாளைக்குச் சாயங்காலம் திறங்க.”

“அதுவரைக்கும் நான் என்ன செய்யணும்?”

“ஒண்ணும் செய்யக் கூடாது.”

அவர் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

சனிக்கிழமை அவர் மகன் எட்வின் வருகிறான். பதினோரு வருஷத்துக்குப் பிறகு.

இருபது வயதில் ஒரு நாள் அவன் பீர் வாடையோடு வந்து நின்றான். சவரிநாதன் வாசலிலேயே வைத்து அறைந்தார். தெருவே பார்த்தது. அடுத்த மாதம் வீட்டை விட்டுப் போனவன், ஆஸ்திரேலியாவில் போய் நின்றான். அம்மாவின் அடக்கத்துக்குக்கூட வீடியோவில்தான் வந்தான்.

அண்ணன் அங்கே வீட்டில் பீர் மிஷின் வைத்திருக்கிறான் என்று மகள்தான் போனில் சொன்னாள். அதே மாதிரி ஒன்றை இவரும் வாங்கிவிட்டார்.

வியாழக்கிழமை தையல்நாயகிக்குப் போன் செய்தார்.

“நுரை போயிடுச்சும்மா. இப்ப கேஸே இல்ல. ரெண்டே நாள்ல சிலிண்டர் காலி.”

தையல்நாயகி வேறு சிலிண்டர் கொண்டுவந்து மாட்டினாள். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தடவினாள். ஓரிடத்தில் குமிழி கிளம்பிப் பெருத்தது.

சவரிநாதன் ஸ்பேனரை எடுத்து அந்த நட்டை இறுக்கினார். குமிழி இன்னும் வேகமாக வந்தது.

“இன்னும் இறுக்கட்டுமா?”

அவள் ஸ்பேனரை அவர் கையிலிருந்து வாங்கி, கேஸை மூடி, நட்டைக் கழற்றினாள். உள்ளே இருந்த வாஷர் நசுங்கிப் பிளந்திருந்தது.

“ஏற்கெனவே எவ்ளோ இறுக்கினீங்க?”

“கை வலிக்கிற வரைக்கும்.”

அவள் புது வாஷர் போட்டாள். விரலால் திருகினாள். ஸ்பேனரால் கால் சுற்று. அவ்வளவுதான். குமிழி வரவில்லை.

சனிக்கிழமை எட்வின் வந்தான். காதோரம் நரைத்திருந்தது. கூடத்து நாற்காலியில் விருந்தாளி மாதிரி நுனியில் உட்கார்ந்தான்.

சவரிநாதன் கண்ணாடி டம்ளரைச் சாய்த்துப் பிடித்து ஊற்றினார். பொன்னிறம். மேலே இரண்டு விரல் நுரை. டம்ளரின் வெளிப்புறம் வியர்த்தது. நாலு நாளாகப் பழகிய கை, சிந்தவில்லை.

நீட்டினார்.

எட்வின் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“அன்னிக்கு நான் குடிக்கலப்பா.”

“என்னிக்கு?”

“நீங்க அறைஞ்ச அன்னிக்கு. கூடப் படிச்சவன் குடிச்சிட்டு என் சட்டையில வாந்தி எடுத்தான். அவனை வீட்ல விட்டுட்டு வந்தேன்.”

“அதைச் சொல்லியிருக்கலாமேடா.”

“சொல்ல விட்டீங்களா?”

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

“இப்ப குடிப்பேதானே?” என்றார்.

“குடிப்பேன். அங்க போனப்புறம்தான் கத்துக்கிட்டேன்.” எட்வின் எழுந்தான். “உங்க கையால வேண்டாம்ப்பா.”

அவன் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கவே இல்லை. வெறுங்கையோடு படியிறங்கிப் போனபோதுதான் சவரிநாதன் அதைக் கவனித்தார்.

மறுநாள் காலை மாதா கோயில் பூசைக்குக்கூடப் போகாமல் தையல்நாயகியின் பட்டறைக்குப் போனார். அவள் ஒரு குழாயைப் பிரித்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“மிஷின் மறுபடியும் மக்கர் பண்ணுதா சார்?”

“இல்லம்மா. எல்லாம் நீ சொன்ன மாதிரியே வந்துது. ஒரு குறையில்ல.”

“அப்புறம்?”

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். அறைந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். மகளிடம்கூட இவ்வளவு சொன்னதில்லை. அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“இதுக்கு என்னம்மா வழி? நீயே சொல்லு.”

“அவர் எங்க தங்கியிருக்காரு?”

“ரயிலடிப் பக்கம் ஒரு ஓட்டல்ல. பொண்ணு சொன்னா.”

“எப்பக் கிளம்பறாரு?”

“புதன்கிழமை.”

தையல்நாயகி முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள்.

“அப்ப இங்க எதுக்கு சார் உட்கார்ந்திருக்கீங்க?”