சதங்கை கட்டிய ஆடுகள்

முன்னொரு காலத்தில் வெள்ளாற்றுச் சீமையைக் கீர்த்திமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். அவனுக்குக் காலையில் ஒன்று தோன்றும், மாலையில் வேறொன்று தோன்றும், தோன்றியதெல்லாம் சட்டமாகிவிடும். ஒருநாள் பல்லக்கில் போகும்போது, மரத்தடியில் ஒரு பிள்ளை கொட்டாவி விடுவதைப் பார்த்துவிட்டான். "என் நாட்டுப் பிள்ளைகள் சோம்பேறிகளா?" என்று துடித்துப்போனான்.

அரசவையில் அனந்தராயர் என்று ஒரு பிரபு. மந்திரி இளவெயினியின் பதவிமேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண். "பள்ளிக்கூடம் தொடங்குமுன் தண்டாலும் பஸ்கியும் எடுக்க வைப்போம் அரசே! அப்புறம் பாருங்கள், நாள் முழுக்கத் துள்ளுவார்கள்" என்றார். மேலத்தெருவில் உடனே ஆரம்பித்தும் விட்டார். கோழி கூவுமுன் பிரம்போடு ஆள் போய்ப் பிள்ளைகளை எழுப்பினான்.

கொஞ்ச நாளில் அவையில் வந்து மார்தட்டினார். "விடியற்காலை மைதானத்தில் நானே பார்த்தேன். ஒரு பிள்ளைகூடச் சும்மா நிற்கவில்லை!"

இளவெயினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பிரம்பை ஓங்கினால் நீங்களும்தான் சும்மா நிற்கமாட்டீர்கள், ராயரே. மைதானத்தை விட்டுப் போனபிறகு பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்?"

"அதை எதற்குப் பார்க்கவேண்டும்?"

"நாள் முழுக்கத் துள்ளுவார்கள் என்றது நீங்கள்தானே?"

ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துவிட்டது. "அதை எப்படியம்மா அளப்பது?"

"மேலத்தெருப் பிள்ளைகளுக்கும், தண்டால் எடுக்காத கீழத்தெருப் பிள்ளைகளுக்கும் காலில் சதங்கை கட்டுவோம். பொழுது சாயும்வரை கோட்டை மதில்மேல் உட்கார்ந்து கேட்போம்."

"சரி. மேலத்தெரு தோற்றால் ராயருக்குப் பதவி இல்லை. ஜெயித்தால் உன் பதவி அவருக்கு. நாட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தண்டால்!"

மறுநாள் விடியலில் மேலத்தெரு கலகலத்தது. ராயர் தொடைதட்டிச் சிரித்தார். வெயில் ஏறியதும் அங்கே சத்தம் செத்துப்போனது. கீழத்தெருவிலோ பள்ளி இடைவேளையில் பிள்ளைகள் ஓடியும் மரமேறியும் சதங்கையைக் குலுக்கினார்கள். ராயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இதோ வந்துவிட்டேன்" என்று கீழே இறங்கினார். அவர் திரும்பி வந்த சற்றைக்கெல்லாம் மேலத்தெருவில் சதங்கை காதைப் பிளந்தது!

"கேட்டாயா இளவெயினி?" என்று ராஜா குதித்தான்.

இளவெயினி மதில் விளிம்புக்கு வந்து காதைக் கூர்மையாக்கினாள். இடைவேளை முடிந்து வகுப்பு நடக்கும் நேரத்தில் இத்தனை ஆட்டத்தை எந்த வாத்தியார் பொறுப்பார் என்று யோசித்தாள். குரலில் தேனைக் குழைத்தாள்.

"கேட்டேன் அரசே. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு உங்கள் கையால் வெல்லம் கொடுத்தால் ஊரே புகழுமே!"

ராயர் பதறினார். "வெயில் கடுமை, அரசே!"

"பிள்ளைகள் துள்ளுகிற வெயில் அரசருக்கு ஆகாதா, ராயரே?"

ராஜா விறுவிறுவென்று இறங்கிப் போனான்.

மேலத்தெருப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, எச்சில் ஒழுகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கால்கள் வெறுமையாக இருந்தன. கொல்லையில் சதங்கை கட்டிய ஆட்டுமந்தையை ராயரின் ஆள் கம்பால் விரட்டிக்கொண்டிருந்தான்.

"ராயரே, இதில் எந்த ஆடு நன்றாகத் தண்டால் எடுக்கும்?" என்றான் ராஜா.

"பிள்ளைகள் கொஞ்சம் களைப்பில்..."

"களைப்பைப் பிள்ளைகளுக்கும் துள்ளலை ஆடுகளுக்கும் பங்கிட்டிருக்கிறார், அரசே" என்றாள் இளவெயினி.

ராயரின் பதவி அங்கேயே போனது. ஒரு கிடா அவருடைய பட்டு அங்கவஸ்திரத்தை மென்றது. பிடுங்கிக்கொள்ளக்கூட அவருக்குத் தைரியம் வரவில்லை.

"நீ ஜெயித்தாய்! என்ன வேண்டும், கேள்!" என்று முழங்கினான் ராஜா.

"முதலில் சத்தம் போடாமல் வெளியே வாருங்கள் அரசே. குழந்தைகள் தூங்கட்டும்."

ஒருவர் சொல்லுக்கும் அடங்காத ராஜா, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, பூனைபோல் நடந்து வெளியே போனான்.