சூசை மிக்கேல் வேனுக்குப் பொருந்தும் ரேடியோ

"மூணு ரேடியோ மாத்திட்டேன். ஒண்ணும் என் வேனுக்குப் பொருந்தல," என்றார் சூசை மிக்கேல்.

மூன்றையும் சாக்கிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்தார்.

தூத்துக்குடியில் பழைய வண்டி ரேடியோ விற்கிறவள் ரிஸ்வானா. வயசு முப்பதுதான். ஆனால் மீசை நரைத்த டிரைவர்கள்கூட அவளை வாத்தியாரம்மா என்பார்கள். கேட்டதை உடனே எடுத்துக் கொடுக்கமாட்டாள், அதனால்.

முதல் ரேடியோவைத் தொட்டாள். "இதுக்கு என்ன?"

"டேஷ்போர்டு குழிக்குள்ள நுழையல. ஒரு விரக்கடை பெருசு."

"இதுக்கு?"

"நுழைஞ்சிது. பின்னாடி பிளக் சேரல. ஒயரை வெட்டி, சிவப்போட சிவப்பு, கறுப்போட கறுப்புன்னு முறுக்கினேன். பொகைஞ்சு போச்சு."

"நிறத்தை நம்பிட்டீங்க."

"வேற எதை நம்பச் சொல்ற?"

அவள் மூன்றாவதைத் தொட்டாள்.

"அது எல்லாம் சேந்துச்சு. ஆனா ரகசிய நம்பர் கேக்குது. நான் பொறந்த வருசம், கல்யாண வருசம், வேளாங்கண்ணிக்கு நடந்து போன வருசம், எல்லாத்தையும் போட்டுப் பாத்துட்டேன்."

"அது முதல்ல இருந்த வண்டிக்காரர் நம்பர் அண்ணாச்சி. அந்த வண்டி உடைஞ்சு இரும்பாப் போயிருக்கும். இது இன்னும் அதுக்குத்தான் காத்துட்டு இருக்கு."

சூசை மிக்கேல் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"தாயி, எனக்கு ஒண்ணாந்தேதிக்குள்ள வேணும். இன்னைக்கு இருபத்தெட்டு."

"என்ன அவசரம்?"

"இறால் கம்பெனிக்குப் பதினோரு பொம்பளைங்களை ஏத்திட்டுப் போறேன். ஒம்பது வருசமா. ரேடியோ செத்து ஒரு மாசம் ஆச்சு. பாட்டு இல்லாத வண்டில எங்களால வரமுடியாது, ஒண்ணாந்தேதியிலேர்ந்து ஞானதுரை வேன்ல போறோம்னு சொல்லிட்டாங்க. அவங்க போயிட்டா எனக்கு வேற ஓட்டம் கிடையாது."

ரிஸ்வானா எழுந்தாள். அலமாரியிலிருந்து பேட்டரியில் பாடும் சின்ன ரேடியோ ஒன்றை எடுத்துக்கொண்டாள்.

"வண்டியை எடுங்க."

"வண்டி எதுக்கு? குழி அளவு எழுதிட்டு வந்திருக்கேன்."

"குழி தெரிஞ்சுபோச்சு. வண்டி தெரியணும்."

அது அவள் வழக்கம். வண்டியில் ஒரு சுற்றுப் போகாமல் ரேடியோ கொடுக்கமாட்டாள்.

ஏறினாள். நேரே கடைசி சீட்டுக்குப் போனாள்.

"முன்னாடி வந்து உக்காரும்மா."

"இங்கதான்."

துறைமுக ரோட்டில் வண்டி போனது.

ஒரு பைக் குறுக்கே வந்தது. "ஏல மூதி, கண்ணு முதுகுலயா இருக்கு?" என்று கத்தினார் சூசை மிக்கேல்.

உப்பு லாரி ஒன்று வழி விடவில்லை. அதன் டிரைவருக்கும் திட்டு கிடைத்தது. அவன் அப்பாவுக்கும் கொஞ்சம் கிடைத்தது.

சிக்னல் சிவப்புக்கு மாறியது. அதையும் திட்டினார்.

துறைமுக வாசலில் திருப்பச் சொன்னாள். முன்னால் வந்து, தன் சின்ன ரேடியோவைக் காலிக் குழிக்குள் வைத்தாள். சத்தத்தை முழுக்கத் திருகினாள். திரும்பவும் கடைசி சீட்டுக்கே போனாள்.

பழைய பாட்டு ஒன்று ஓடியது.

அதே ரோடுதான். அதே பைக்குகள்தான். ஒரு பஸ் உரசுகிற மாதிரி முந்திப் போனது. சூசை மிக்கேல் லேசாக பிரேக்கை மிதித்தார், கூடவே பாடிக்கொண்டிருந்த சரணத்தை விடவில்லை. சிக்னலில் ஸ்டியரிங்கைத் தட்டி இரண்டாம் பாட்டுக்குப் போனார்.

கண்ணாடியில் பார்த்தார். ரிஸ்வானாவின் விரல்கள் முன் சீட்டுக் கம்பியில் தாளம் போட்டுக்கொண்டு வந்தன.

கடை வாசலில் வண்டி நின்றது.

"சத்தம் எப்படி?" என்றார்.

"எஞ்சின் நல்லாக் கேட்டுச்சு."

"நான் ரேடியோவைக் கேக்கேன்."

"அது ஒரு வரிகூட இங்க வரல. பின்னாடி ஸ்பீக்கர் எங்க அண்ணாச்சி?"

"அது ஏது? நான் வண்டி வாங்குறப்பவே கிடையாது. முன்னாடி என் கதவுல மட்டுந்தான், சின்னதா ஒண்ணு."

சொல்லிவிட்டுத் திரும்பி அவளைப் பார்த்தார்.

"நீ தாளம் போட்டியே தாயி. நான் கண்ணாடில பாத்தேனே."

ரிஸ்வானா முன்னால் வந்தாள். குழியிலிருந்து தன் ரேடியோவை எடுத்து அணைத்தாள். இறங்கினாள்.

சூசை மிக்கேல் காலிக் குழியைப் பார்த்தார். பிறகு கண்ணாடியில், பின்னால் இருந்த பதினோரு இடங்களையும் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"உங்க வண்டிக்குப் பொருந்துற ரேடியோ மதுரையில ஒண்ணு கிடக்கு," என்றாள் அவள். "போன் போட்டா நாளைக்கே பார்சல்ல வந்திரும். போடட்டுமா?"

"வேண்டாம்மா. அது மெதுவா வரட்டும்," என்றார் சூசை மிக்கேல், பாடப்போகிறவர் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டே.